ஆறு 'வீடு' உள்ள ஒரே வீடு

வாசகர் கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) காலத்து வளவு வீடு, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வீடு, இருக்கிறது. ஐயா 1968இலும் அப்பச்சி (என் அப்பா) 2011இலும் காலமானார்கள். 1934ஆம் ஆண்டுப் பாகப்பத்திரத்தில் ஐயாவுக்கு 'இரண்டு வீடு' என்றும், அவரையும் சேர்த்து மூன்று சகோதரர்களுக்கு 'ஆறு வீடு' என்றும் எழுதியிருக்கிறது. அதைப் படித்த கோயம்புத்தூர் வழக்கறிஞர், மற்ற ஐந்து வீடுகள் எங்கே என்று கேட்கிறார். பட்டா பெரியப்பா பெயரில் இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதில் பேச்சில்லை என்கிறார் பெரியப்பா மகன். முகப்புக்கும் வளவுக்கும் இடையில் சுவரின் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடுகிறது. வீடு இரண்டாகப் பிளக்கிறது, இடித்துவிடலாம் என்று ஒரு பொறியாளர் சொல்லிவிட்டார். தூண்களை விலைக்குக் கேட்டு ஆட்களும் வந்து போகிறார்கள். இந்த வீட்டை யார், எப்போது கட்டினார்கள், இப்போது இது யாருக்குச் சொந்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தையும், பாகப்பத்திரத்தின் நகலையும், நீங்கள் அனுப்பிய படங்களையும் பொறுமையாகப் பார்த்தேன். பழைய வீடுகளை அளந்து, வரைந்து, பழுதுபார்ப்பது என் தொழில். அந்த வேலையில் பத்திரங்களையும் படிக்காமல் முடியாது என்பதால், வழக்கறிஞர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பழகியவன். கட்டடத்தைப் பற்றிய கேள்வியையும் உரிமையைப் பற்றிய கேள்வியையும் நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வளவில் நின்று படித்தால் கட்டடம் அதற்குப் பொருள் சொல்லும். கட்டடத்தில் புரியாத இடத்துக்குப் பத்திரம் பொருள் சொல்லும்.

முதலில் அந்த ஐந்து வீடுகள். உங்கள் குடும்பம் எதையும் தொலைக்கவில்லை. செட்டிநாட்டில் வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளுக்கே 'வீடு' என்று பெயர். உள்ளும் புறமுமாக இரண்டு அறைகள் சேர்ந்திருந்தால் அது 'இரட்டை வீடு'. மகனுக்குத் திருமணமானதும் அவன் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் ஏறுகிறான். அவனையும் மனைவியையும் 'வேறு வைக்கும்'போது, தனி அடுப்போடு, சீர்ச் சாமான்களைப் பூட்டி வைத்துக்கொள்ள வளவில் ஒரு 'வீடு' ஒதுக்கப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் ஆறு அடுப்புகள் எரிந்தாலும் வாசல் ஒன்று, வளவு ஒன்று, சாமி கும்பிடும் இடமும் ஒன்று. ஆகவே உங்கள் பத்திரத்தில் 'வளவில் வடவரிசையில் கீழ்புறமிருந்து முதலாவது, இரண்டாவது வீடுகள்' என்று எழுதியிருப்பதை, வளவில் நின்று வடக்குப் பார்த்தால் உங்களுக்கு வலக்கைப் பக்கத்திலிருந்து வரும் முதல் இரண்டு அறைகள் என்று வாசிக்க வேண்டும். உங்கள் வழக்கறிஞரின் மீது குற்றமில்லை. இந்தச் சொல்லாட்சி அந்தப் பகுதிக்கு வெளியே வழங்குவதில்லை.

அதே பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில், 'முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, கிணறு ஆகியவை மூவருக்கும் பொதுவில் விட்டது' என்ற வரி இருக்கிறது. பத்திரத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். உங்கள் ஐயாவுக்குத் தனியாகக் கிடைத்தவை இரண்டு அறைகள். பொதுவில் விட்ட மற்ற எல்லா இடத்திலும் அவருக்கு மூன்றில் ஒரு பாகம். விலை பேசப்படும் தூண்கள் நிற்பது பொதுவில் விட்ட முகப்பில். அவற்றை எந்த ஒரு பங்காளியும், அவர் பெயரில் பட்டா இருந்தாலும், தன்னிச்சையாகப் பெயர்த்து விற்க முடியாது. அப்படி ஒரு முயற்சி நடந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்க இந்த ஒரு வரியே உங்களுக்குப் பெரும் பலம். தூண்களை நெருக்கத்தில் படமெடுத்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று ஒரு வரைபடத்தில் எண்ணிட்டு, அதன் நகலை எல்லாப் பங்காளிகளுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். பர்மாத் தேக்குத் தூண் ஒன்று லாரியில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு எந்தத் தீர்ப்பும் அதைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியதை நான் பார்த்ததில்லை.

இனி விரிசல். நீங்கள் அனுப்பியவற்றில் பதினோராம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அஸ்திவாரம் இறங்குவதால் உண்டாகும் விரிசல் செங்கல் அடுக்குகளைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு சாய்வாக ஓடும். ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். உங்கள் சுவரில் உள்ள கோடோ தூக்குக்குண்டு விட்டதுபோல் நேராக இறங்குகிறது; மேலும் கீழும் ஒரே அகலம். அதற்கு இடப்பக்கம் உள்ள பூச்சு பால் வெள்ளையாக, கண்ணாடிபோல் மினுங்குகிறது. சுண்ணாம்பை அம்மியில் அரைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து எடுத்த வேலை அது. வலப்பக்கத்துப் பூச்சு சற்றே மஞ்சளாக, சொரசொரப்பாக இருக்கிறது. செங்கல் தெரியும் ஓரிடத்தில் இருபக்கக் கற்களின் கனமும் வேறு வேறு. இரண்டு காலத்தில், இரண்டு கொத்தனார் கூட்டங்கள் கட்டிய இரண்டு சுவர்கள் அங்கே ஒன்றோடொன்று கோக்கப்படாமல் ஒட்டி நிற்கின்றன. வீடு அங்கே பிளக்கவில்லை. அந்த இடத்தில்தான் அது ஒருகாலத்தில் சேர்க்கப்பட்டது. சுவரில் வழிந்திருக்கும் கறையைத்தான் பொறியாளர் ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். முகப்புக் கூரையும் வளவுக் கூரையும் சந்திக்கும் பள்ளத்தில் பதித்த தகரம் துருப்பிடித்து, மழைத்தண்ணீர் அந்தக் கோட்டின் வழியாகவே இறங்குகிறது. தகரத்தை மாற்றி, இருபக்கமும் இரண்டிரண்டு வரிசை ஓடுகளை எடுத்து அடுக்கிவிட்டால் கறை நிற்கும். கோட்டின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் சிறு கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் ஒட்டி, தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால், சுவர் அசையவில்லை என்பதற்கு உங்களிடம் சான்று இருக்கும். தயவுசெய்து அந்தக் கோட்டில் சிமென்ட் அடைக்க விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டி, நூறாண்டு நின்ற பூச்சைச் சில ஆண்டுகளில் உதிர்த்துவிடும்.

அந்த ஒட்டுக்கோடு வீட்டின் வயதையும் சொல்கிறது. முகப்பு மாடியில் நீங்கள் எடுத்த இரும்பு உத்தரத்தின் படத்தில் 'டாட்டா' என்ற முத்திரை தெரிகிறது. ஜாம்ஷெட்பூர் ஆலையில் எஃகு உற்பத்தி தொடங்கியது 1912இல். எனவே அந்தக் கர்டர் அதற்கு முன்பு அங்கே ஏறியிருக்க முடியாது. முகப்புச் சுவரின் கீழ்ப்பகுதியில் பதித்திருக்கும் பூ வேலைப்பாடுள்ள ஜப்பான் பீங்கான் ஓடுகளும் 1910களிலிருந்து 1930கள் வரை பெருமளவில் ஏற்றுமதியான வகையைச் சேர்ந்தவை. வாசல் நிலையில் 'குரோதன வருஷம்' என்று செதுக்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் குரோதன 1865–66 ஆகவும் இருக்கலாம், 1925–26 ஆகவும் இருக்கலாம். கர்டரையும் பீங்கான் ஓடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 1925–26 என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றைச் சரிபார்த்த பிறகே அதை உறுதியாகச் சொல்லலாம். முகப்பைப் புதிதாகக் கட்டும்போது உள்ளே இருந்த பழைய நிலையைப் பெயர்த்து முன்னால் கொண்டுவந்து வைப்பது செட்டிநாட்டில் சாதாரணம். நிலையின் கால்கள் சுவருக்குள் போகும் இடத்தைப் பாருங்கள். பூச்சு நிலையோடு ஒன்றாக வழிந்திருந்தால் இரண்டும் ஒரே காலம். செங்கலைக் கொத்தி நுழைத்துச் சாந்து அடைத்த தடம் இருந்தால் நிலை சுவரைவிடப் பழையது. அப்போது 1865–66 வளவுக்கு உரிய தேதியாகிவிடும். வளவின் கூரையில் இரும்பே இல்லாமல் மரமே பாரம் தாங்குவதும், பின்கட்டில் நாட்டு ஓடு இருப்பதும் வளவு மூத்தது என்பதைக் காட்டுகின்றன. சீமை ஓடு போட்ட இடங்களில் ஒன்றிரண்டைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். மங்களூரில் பேசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியது 1865இல். முதல் உலகப் போருக்குப் பிறகு அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறியது. இரண்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதே ஒரு தேதி. ஆனால் ஓடு மாற்றக்கூடிய பொருள் என்பதால், ஓட்டை மட்டும் நம்பி வீட்டுக்கு வயது சொல்லாதீர்கள்.

இந்தத் தேதிகளுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பத்திரத்தின் முகவுரையில், வளவும் பின்கட்டும் 'பிதுரார்ஜிதம்' என்றும், முகப்பு 'நம் தகப்பனார் ரெங்கோன் வியாபார வருமானத்தில் கட்டியது' என்றும் பிரித்து எழுதியிருக்கிறது. நான் படத்தில் பார்த்த ஒட்டுக்கோடு, பத்திரம் எழுதியவர் வார்த்தையில் இழுத்த கோடுதான். முன்னோர் வழி வந்ததையும் உங்கள் பாட்டையா (ஐயாவின் தகப்பனார்) தாமே தேடியதையும் பிரித்துச் சொல்லி, பிறகு மூன்று மகன்களும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாகம் பண்ணிக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். 1930களில் நெல் விலை சரிந்து, பர்மாவில் கடன் கொடுத்த பணமெல்லாம் நிலமாகத் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், ரெங்கோன் கடையில் ஏதும் தவறினால் ஊர் வீடாவது தெளிவாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். பத்து ஆண்டுகூட ஆகாமல், 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது பலர் கணக்குப் பேரேடுகளைக்கூட விட்டுவிட்டு வர நேர்ந்தது. உங்கள் குடும்பத்தார் 1934இலேயே பதிவு செய்து வைத்த இந்தப் பத்திரத்தை நினைத்து நன்றியோடு இருங்கள்.

பழைய பதிவுகளைத் தேடும்போது மூன்று இடங்களில் தடுமாற்றம் வரும். முதலாவது, மாவட்டத்தின் பெயர். உங்கள் ஊர் 1910க்கு முன் மதுரை ஜில்லாவிலும், அதன்பின் இராமநாதபுரம் ஜில்லாவிலும், 1985 முதல் இன்றைய சிவகங்கை மாவட்டமாக அமைந்த பகுதியிலும் இருந்து வந்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகங்களும் பிரிந்து பிரிந்து புதிதாக உருவானவை. பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் எந்த அலுவலகத்தின் 1ஆம் புத்தகம், எந்த வால்யூம், எந்தப் பக்கம் என்று இருக்கிறதோ, அந்த அலுவலகத்தின் ஏடுகள் இன்று எங்கே இருக்கின்றன என்று கேட்டு, அங்கே வில்லங்கத்துக்கும் நகலுக்கும் மனுப் போடுங்கள். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்றிதழ் அவ்வளவு பழைய ஆண்டுகளுக்குப் போதாது. கையால் தேடச் சொல்லியே கேட்க வேண்டும். 1934க்குப் பின் ஒத்தியோ போக்கியமோ எழுதப்பட்டு, அதற்கு ரத்து எழுதப்படாமல் கிடக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டாவது, பெயர். தந்தை வழிப் பாட்டனார் பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கம் என்பதால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். 1890களில் கிரயம் வாங்கியவரும் 1934இல் கையெழுத்திட்டவரும் ஒரே ஆள் என்று எண்ணி, ஒரு முழுத் தலைமுறையையே வம்சாவளியிலிருந்து விட்டுவிட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன். பெயருக்கு முன் வரும் விலாச எழுத்துகளையும் தகப்பனார் பெயரையும் வைத்தே ஆளைப் பிரியுங்கள். அதோடு, உங்கள் சின்ன ஐயாவின் கிளையில் இன்று உரிமை கேட்பவரின் தகப்பனார் பெயர் பத்திரத்தோடு பொருந்தவில்லை என்று சந்தேகம் எழுப்பியிருக்கிறீர்கள். அவர் மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளை கூட்டப்பட்டவராக இருக்கலாம். இந்தச் சமூகத்தில் அது மிகப் பரவலான வழக்கம். வழக்கப்படி நடந்த சுவீகாரம் சட்டப்படியும் செல்லும். அவருடைய இசைகுடிமானமும் (திருமண ஒப்பந்தப் பத்திரம்), இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரையுள்ள ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடைய கோயிலின் புள்ளிக் கணக்கும் அவர் யார் வீட்டுப் பிள்ளையாக ஏறியிருக்கிறார் என்பதைச் சொல்லும். சந்தேகத்தோடு கேட்காமல் உறவோடு கேளுங்கள். சுவீகாரம் போனவர்களுக்கு இந்தக் கேள்வி ஆழமாக வலிக்கும்.

மூன்றாவது, பட்டா. சிவகங்கை ஜமீன் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) இருந்த வீட்டு மனைக்கு இன்றைய பொருளில் பட்டா என்பதே கிடையாது. ஆகவே ஐயா காலத்துப் பட்டா காணவில்லை என்று கவலைப்பட வேண்டாம். இப்போது பெரியப்பா பெயரில் இருப்பது நத்தம் நில அளவையின்போது, ஊரில் குடியிருந்தவர் என்பதால் அவர் பெயரில் எழுதப்பட்ட பட்டா. முதலில் தோராய பட்டா கொடுத்து, ஆட்சேபம் இல்லையென்றால் தூய பட்டா ஆக்குவது அந்தத் திட்டத்தின் முறை. வெளியூரில் இருந்த பங்காளிகளுக்கு அது நடந்ததே தெரியாமல் போன குடும்பங்கள் ஏராளம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதனால் மட்டும் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது, மற்றவருக்குப் போய்விடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பெரியப்பா குடும்பம் அறுபது ஆண்டு அங்கே குடியிருந்தது என்பதும் மற்றவர்களின் பங்கை அழிக்காது. கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம், மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து விலக்கினார் என்று நிரூபிக்காத வரை, எல்லோருக்குமான அனுபவமாகவே கொள்ளப்படும். அந்த வீட்டுக்கு விளக்கேற்றி, ஓடு மாற்றி, வரி கட்டி வந்தவர்கள் அவர்கள்தான் என்பதை நீங்களும் மறக்காமல் பேச வேண்டும். அந்தச் செலவைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டுக்கொள்ள முன்வருவதாக நீங்களே முதலில் சொல்லுங்கள்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பேச்சில்லை என்பது தவறு. நகரத்தார் வழக்கில் புள்ளி என்பது ஆணைக் கொண்டு எண்ணப்படுவது. கோயில் வரிக்கும் ஊர்க் காரியத்துக்கும் அந்தக் கணக்கு நடக்கட்டும். சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் கணக்கு. தமிழ்நாடு 25.3.1989 முதல் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம், மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டையே நீக்கியது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உங்கள் அப்பச்சியோ 2011 வரை இருந்தவர். குடியிருக்கும் குடும்ப வீட்டில் ஆண்கள் பிரித்துக்கொள்ளும் வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்று பழைய சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பெரியப்பா மகன் யாரிடமோ கேட்டுச் சொல்வது அதுவாக இருக்கலாம். அந்தப் பிரிவும் 2005இல் நீக்கப்பட்டுவிட்டது.

உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் அதே மூச்சில், உங்கள் இரண்டு அத்தைமாருக்கும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஐயா காலமானது 1968இல், அதாவது 1956ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு. அவருடைய சொந்தப் பாகமாகக் கணக்கிடப்படும் பகுதியில் மகன்களோடு மனைவிக்கும் மகள்களுக்கும் பங்கு உண்டு. 1972இல் பெரியப்பாவும் அப்பச்சியும் ஆளுக்கு ஒரு 'வீடு' என்று வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டில் (பங்குப் பட்டியலில்) அத்தைமார் கையெழுத்து இல்லை. அது பதிவும் செய்யப்படவில்லை. யார் எந்த அறையைப் புழங்கினார்கள் என்று காட்ட அது உதவும். அத்தைமாரின் உரிமையையோ உங்களுடையதையோ அது முடித்துவிட்டதாகக் கொள்ள முடியாது. சரியான பின்னங்களை வம்சாவளியை வைத்து வழக்கறிஞர்தான் போட வேண்டும். நான் அதில் இறங்குவது முறையல்ல.

பங்காளிகளில் யாராவது தன் பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் பயத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குடும்பக் குடியிருப்பில் பங்கு வாங்கிய வெளியார், சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, குடும்பத்தார் அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். பங்காளிகள் ஒன்றுகூடும்போது இதை எல்லோர் முன்னும் சொல்லுங்கள். தெரிந்துகொண்டால் விற்க நினைப்பவர் முதலில் உறவுக்குள் கேட்பார்.

செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் கூரைப் பள்ளத்துத் தகரம். அதற்குப் பங்காளிகள் யாரும் மறுக்க மாட்டார்கள், செலவும் பெரிதில்லை. அடுத்து, வீடு முழுவதையும் அளந்து ஒரு வரைபடம். தெருவிலிருந்து பின்தெரு வரை, ஒவ்வொரு 'வீட்டுக்கும்' பத்திரத்தில் உள்ள பெயரையும் எண்ணையும் அதிலேயே எழுதி, பொதுவில் விட்டதை ஒரு நிறத்திலும் தனிப்பாகத்தை வேறு நிறத்திலும் காட்ட வேண்டும். அந்தத் தாளை வளவின் நடுவில் விரித்துவைத்துப் பேசும் பேச்சும், நத்தம் பட்டாவை நீட்டிப் பேசும் பேச்சும் வேறு வேறாக இருக்கும். அத்தைமாரையும் அன்றைக்கு அழையுங்கள்; எந்த 'வீட்டில்' யார் அடுப்பு வைத்திருந்தார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்கிவையுங்கள்.

நிலையின் கால் சுவருக்குள் போகும் இடத்தை இருபக்கமும் துடைத்து, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். வளவுக்கு 1865–66 என்று எழுதலாமா கூடாதா என்று அதைப் பார்த்ததும் சொல்கிறேன்.